ஸ்க்ரூ வச்ச அன்னிக்கே பல்லா, நாலு மாசம் கழிச்சா? எங்க வீட்டு ரெண்டு வாயி கதை

எங்க வீட்டுல ஒரே வருஷத்துல ரெண்டு பேருக்கு பல்லு இம்ப்ளான்ட், அதாவது போன பல்லுக்குப் பதிலா தாடை எலும்புல ஒரு ஸ்க்ரூவ எறக்கி, அது மேல செயற்கைப் பல்லு மாட்டுறது. எனக்கு மேல் முன்பல்லு, அம்மாவுக்கு மேல் கடவாப்பல்லு. ஒரே டாக்டரம்மா, ஒரே சேர், ஸ்க்ரூ கூட ஒரே கம்பெனி. நான் காலைல போயி சாயங்காலம் பல்லோட வீட்டுக்கு வந்தேன், அம்மாவுக்கு ஸ்க்ரூவ உள்ள வச்சு ஈறத் தைச்சு மூடி, நாலு மாசத்துக்கு மேல ஆகும் போயிட்டு வாங்கன்னுட்டாங்க. அம்மா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துச்சு. "அவனுக்குன்னா ஒரே நாள்ல வைக்கிறாக, எனக்குன்னா மாசக்கணக்கா? நான் என்ன காசு கொறச்சா குடுத்தேன்?"

இந்தக் கேள்விய அம்மா மட்டும் கேக்கல, நான் பல்லு வச்சத பாத்த பாதிப்பேரு கேக்குறாங்க. மதுரைல எந்தப் பக்கம் திரும்புனாலும் "மூணே நாளில் நிரந்தரப் பல்"னு ஒரு போர்டு கண்ணுல படுது, இன்னொரு பக்கம் நாலு மாசம் ஆறு மாசம்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க, இதுல யாரு சொல்றது நெசம்னு கொழம்பித்தான் போறோம். ரெண்டு பேருமே நெசம்தான் சொல்றாங்க, ஆனா வேற வேற வாயப் பத்தி சொல்றாங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா ஒரு வருஷமா ரெண்டு வாய்க்கும் டிரைவராவும் அட்டெண்டராவும் இருந்து, கேக்காத கேள்வியெல்லாம் கேட்டு டாக்டரம்மாவப் பாடாப் படுத்துனதுல புரிஞ்சத எழுதுறேன்.

மொதல்ல ஒரு கொழப்பத்த தீத்துருவோம். "உடனே"ங்கிற வார்த்தைய ரெண்டு வேலைக்கு சொல்றாங்க. பல்லப் புடுங்குன அதே குழியில அன்னிக்கே ஸ்க்ரூவ வைக்கிறது ஒண்ணு. வச்ச ஸ்க்ரூ மேல உடனே பல்லு மாட்டுறது இன்னொண்ணு. ரெண்டும் சேந்து நடக்கலாம், தனித்தனியாவும் நடக்கலாம். புடுங்குன அன்னிக்கே ஸ்க்ரூ வச்சு, பல்லு மட்டும் நாலு மாசம் கழிச்சு வைக்கலாம். ரெண்டு வருஷமா காலியா கெடக்குற எடத்துல ஸ்க்ரூ வச்சு அன்னிக்கே பல்லும் மாட்டலாம். போன்ல விசாரிக்கும்போது "உடனே வச்சுருவீங்களா"ன்னு கேட்டா அங்கிட்டு "வச்சுருவோம் சார்"னுதான் சொல்லுவாங்க, எத வைப்பீங்கன்னு கேக்கணும்.

ஸ்க்ரூ மேல பல்லு மாட்டி பலம் ஏத்துறதுக்கு டாக்டருங்க சொல்ற பேரு லோடிங். அவங்க கணக்குல ஸ்க்ரூ வச்சு ஒரு வாரத்துக்குள்ள பல்லு மாட்டுனா அது உடனடி லோடிங். ஒரு வாரத்துல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ளன்னா சீக்கிர லோடிங். ரெண்டு மாசத்துக்கு மேலன்னா வழக்கமான முறை. நம்மாளுக ஒரு நாள் இல்லாட்டி ஆறு மாசம்னு ரெண்டு தான் இருக்குன்னு நெனைக்கிறோம், நடுவுல ஆறு எட்டு வாரம்னு ஒரு வழி இருக்கு, கீழ்த்தாடைல நல்ல எலும்பு இருக்குறவங்களுக்கு நெறைய பேர் இப்ப அதத்தான் பண்றாங்க, அதுக்கு யாரும் போர்டு வைக்கிறதில்ல.

இந்தக் காத்திருப்புக் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, ஸ்வீடன்ல பிரானமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர். 1950கள்ல முயல் எலும்புக்குள்ள டைட்டானியத்துல செஞ்ச சின்ன கருவிய வச்சு ரத்த ஓட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு, முடிஞ்சு கருவிய எடுக்கப் போனா வரல, எலும்போட எலும்பா ஒட்டிக்கிச்சு. அதுல ஆரம்பிச்சு 1965ல மொத மனுஷனுக்கு பல்லு வச்சாரு. யோஸ்டா லார்சன்ங்கிற அந்த மனுஷன் 2006ல சாகுற வரைக்கும் அந்த ஸ்க்ரூங்க வாயிலயே இருந்துச்சு, நாப்பது வருஷம். பிரானமார்க் போட்ட விதிதான் ஸ்க்ரூவ ஈறுக்குள்ள மூடி கீழ்த்தாடைக்கு மூணு மாசம், மேல்தாடைக்கு ஆறு மாசம் தொடாதன்னு. அன்னிக்கு இருந்த ஸ்க்ரூக்கு மேற்பரப்பு வழுவழுன்னு இருக்கும், இப்ப வர்றதுல பெரும்பாலானது மேற்பரப்ப சொரசொரப்பாக்கி வர்றது, எலும்பு சீக்கிரம் புடிக்குது. அதனால அந்தப் பழைய கணக்கு அப்படியே எல்லாருக்கும் வேண்டாம். ஆனா கணக்குக்கு அடியில இருக்குற காரணம் மாறல.

அந்தக் காரணம் எனக்குப் புரிஞ்சது முருங்கைய வச்சுதான். எங்க அப்பத்தா முருங்கைக் கொம்பு நடுறத சின்ன வயசுல பாத்துருக்கேன். குழி தோண்டி, கொம்ப எறக்கி, சுத்தி மண்ணக் குத்தி இறுக்கி, மேல்நுனில சாணிய உருட்டி அப்பிரும். நட்ட அன்னிக்கு அது ஆடாம நிக்கிதே, அது வேர்ல நிக்கல, குத்துன மண்ணு இறுக்கத்துல நிக்கிது. வேர் வந்தப்புறம்தான் அது சொந்தக் கால்ல நிக்கும். நடுவுல ஒரு மூணு வாரம் இருக்கே, அதுதான் கண்டம். நட்ட இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமா தளர்ந்துக்கிட்டு இருக்கும், வேர் நூல் மாதிரி இப்பதான் கெளம்பிருக்கும். அப்ப போயி நாங்க "புடிச்சிருச்சா"ன்னு ஆட்டிப் பாப்போம், அப்பத்தா கம்ப எடுத்துக்கிட்டு வரும்.

தாடைல நடக்குறதும் அச்சு அசல் இதுதான். வச்ச அன்னிக்கு ஸ்க்ரூ மரைல இறுகி நிக்கிது. ரெண்டாவது வாரத்துல இருந்து நாலாவது வாரம் வரைக்கும், சுத்தி இருக்குற பழைய எலும்ப உடம்பு அரிச்சு எடுத்துட்டு புதுசா கட்டுது, பழைய புடி எறங்கி புதுப் புடி இன்னும் ஏறாத நேரம் அது. அப்ப ஸ்க்ரூ ஆடக்கூடாது. எம்புட்டு ஆடக்கூடாதுன்னா 100, 150 மைக்ரான் தாண்டக் கூடாதுங்கிறாங்க, அதாவது ஒண்ணு ரெண்டு தலமுடி கனம், கண்ணுக்கே தெரியாது. அதுக்கு மேல ஆடிக்கிட்டே இருந்தா எலும்பு ஒட்டாம நடுவுல சவ்வு மாதிரி ஒண்ணு வளந்துரும், அப்புறம் அந்த ஸ்க்ரூ வேலைக்காகாது, எடுத்துறணும்.

ஆக உடனே பல்லு வைக்கலாமாங்கிற கேள்விக்கு அர்த்தம், மேல பல்லு நின்னு நாக்கும் சோறும் இடிச்சாலும் உள்ள இருக்குற ஸ்க்ரூ அந்த முடி கனத்துக்குள்ள அடங்குமா அப்படிங்கிறதுதான். அத ஸ்கேன்ல பாதி சொல்லலாம். மீதி ஸ்க்ரூ எறங்குற அந்த நிமிஷம்தான் தெரியும்.

என் கதைய சொல்றேன். ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டுல வண்டில போயிட்டு இருந்தப்ப நாய் குறுக்க வந்து விழுந்தேன். ஹெல்மெட் இருந்துச்சு, மொகத்த மூடுறது இல்ல, வாயி ஹேண்டில்பார்ல பட்டு முன்பல்லு ஒண்ணு ஈறுக்கு அடியில வேரோட பொளந்துருச்சு. சரியா அஞ்சு வாரத்துல அக்கா மகளுக்குக் காது குத்து, உசிலம்பட்டி பக்கம் கொலசாமி கோயில்ல. தாய்மாமன் நான், என் மடிலதான் புள்ளைய உக்கார வைக்கணும், சீர்த்தட்டோட ஊரே போட்டோ எடுக்கும். பொக்கை வாயோட நான் எப்படி? அக்கா வேற போன்ல, "தம்பி, என்ன செலவானாலும் பரவால்ல, பல்லு வச்சுக்கிட்டு வந்துரு"ன்னு.

மொதல்ல போன எடத்துல ஸ்கேன் எடுக்காமயே "நாளைக்கே வாங்க, ஒரே நாள்ல முடிச்சுரலாம்"னாங்க. எனக்கு அது ரொம்ப சுலபமா இருந்தது தான் பயமா இருந்துச்சு. ரெண்டாவது எடம் இந்த டாக்டரம்மா. தாடைய எல்லாப் பக்கமும் காட்டுற சிபிசிடி ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லி, கம்ப்யூட்டர்ல என் தாடைய கத்திரிக்கா நறுக்குற மாதிரி குறுக்க நறுக்கிக் காமிச்சாங்க. பல்லுக்கு முன்னாடி பக்கம் எலும்புச் சுவரு ஒண்ணு இருக்கு, முட்டை ஓடு மாதிரி, அது உடையாம இருக்கு, வேர் நுனிக்கு மேல ஸ்க்ரூ கடிச்சுப் புடிக்க நாலு மில்லிமீட்டர் கெட்டி எலும்பு இருக்கு, கிருமி சீழ் எதுவும் இல்ல, அதனால அன்னிக்கே முயற்சி பண்ணலாம்னாங்க. கூடவே ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுலதான் நான் அந்த எடத்த முடிவு பண்ணேன்: "டார்க் வரலைன்னா பல்லு வைக்க மாட்டேன் தம்பி, கழட்டி மாட்டுற மாதிரி ஒண்ணு ரெடியா செஞ்சு வச்சிருப்பேன், காது குத்துக்கு அதப் போட்டுட்டு போங்க. அதுக்கு சம்மதம்னா சேர்ல உக்காருங்க."

டார்க்னா என்னன்னா, ஸ்க்ரூவ எம்புட்டு பலம் போட்டுத் திருக வேண்டியிருக்குங்கிற அளவு. கையில ஒரு சின்ன ஸ்பேனர் மாதிரி ரேட்செட், பக்கத்துல மெலிசா ஒரு கம்பி, அதுக்கு நேரா 15, 35னு கோடு போட்டிருக்கும். எலும்பு எதுத்தா அந்தக் கம்பி வளைஞ்சு கோட்டத் தொடும். எனக்கு மரத்துப் போச்சு, வலி இல்ல, ஆனா கட்டில் போல்ட்ட கடைசித் திருகு திருகும்போது வர்ற அந்த இறுக்கம் மண்டைக்குள்ள கேட்டுச்சு. டாக்டரம்மா குனிஞ்சு பாத்து "முப்பத்தஞ்சு… தாண்டுது… நாப்பது"ன்னாங்க, சிஸ்டர் எழுதிக்கிட்டாங்க. பொதுவா 35 நியூட்டன் சென்டிமீட்டர் வந்தாத்தான் ஒத்தப் பல்லுக்கு உடனே மேல எதுவும் வைக்க யோசிப்பாங்க. அப்புறம் ஒரு குட்டி காந்தக் குச்சிய ஸ்க்ரூ மேல மாட்டி ஒரு மெஷின கிட்டக் கொண்டு போனாங்க, தொடக்கூட இல்ல, பீப்புன்னு 71னு நம்பர் வந்துச்சு. ஐஎஸ்க்யூன்னு பேரு, 1ல இருந்து 100 வரைக்கும் போற அளவு, 70க்கு மேலன்னா நல்ல புடி, 60க்குக் கீழன்னா தொடாத. ரெண்டு நம்பரும் வந்தப்புறம்தான் டெம்பரரி கேப்ப, அதாவது ஸ்க்ரூ மேல மாட்டுற தற்காலிகப் பல்ல, எடுத்தாங்க.

இங்க ஒரு சின்ன வேலை நடந்துச்சு, அத யாரும் வெளிய சொல்றதில்ல. கேப்ப மாட்டிட்டு செவப்பு கார்பன் பேப்பர பல்லுக்கு நடுவுல வச்சு "கடிங்க"ன்னாங்க. பக்கத்துப் பல்லுல எல்லாம் செவப்புப் புள்ளி விழுந்துச்சு, புதுப் பல்லுலயும் ஒரு புள்ளி. அத மெஷின்ல ராவுனாங்க. மறுபடி கடி. மறுபடி ராவல். நாலஞ்சு தடவ. கடைசில நான் பல்ல நல்லாக் கடிச்சிருக்கும்போதே பேப்பர் புதுப் பல்லுக்கு அடியில இருந்து வழுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. "இப்ப இது போட்டோவுக்கு மட்டும்தான் பல்லு, சாப்பாட்டுக்கு இல்ல"ன்னாங்க. அதாவது உடனடி லோடிங்னு பேரு, ஆனா ஒத்தப் பல்லுல உண்மைல லோடே குடுக்கல! எதிர்ப் பல்லு தொடாத மாதிரி கட்டையா வச்சு அனுப்பியிருக்காங்க. இத தெரிஞ்சுக்காம "அன்னிக்கே பல்லு வச்சாச்சு"ன்னு பொரட்டாவப் பிச்சு முன்பல்லுல இழுத்தா அவ்வளவுதான். இன்னொண்ணு, அந்த டெம்பரரிய பசை போட்டு ஒட்டாம ஸ்க்ரூ போட்டு மாட்டுனாங்க, பசை வழிஞ்சு பச்சப் புண்ணுக்குள்ள போனா ஈறு வீங்கி எலும்பக் கெடுக்குமாம். கேட்டு வச்சுக்கங்க.

காது குத்துல கெடா வெட்டு. சுக்கா, எலும்புக் குழம்பு, எல்லாரும் வெளுத்துக் கட்டுறாங்க, தாய்மாமன் எனக்கு மட்டும் ரசஞ்சாதமும் மசிச்ச ஈரலும். மச்சான் எலும்ப உறிஞ்சிக்கிட்டே "என்ன மாப்ள, பத்தியமா?"ன்னாரு. போட்டோல மட்டும் முழுப் பல்லோட சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரிஜினல் செராமிக் கேப்பு நாலு மாசம் கழிச்சுத்தான் வச்சாங்க. இதையும் கவனிங்க, ஒரே நாள்னு வச்ச எனக்கும் வேலை முழுசா முடிய அம்மாவுக்கு ஆன மாதிரியே நாலு மாசம் போல ஆச்சு. நான் மிச்சப்படுத்துனது நாள் இல்ல, ஓட்டையோட திரியுற நாள் மட்டும்தான்.

அம்மா கதை வேற. கடவாப்பல்லு புடுங்கி ரெண்டு வருஷம் ஆகிருச்சு. புடுங்குனப்பவே வைக்க சொன்னாங்க, "உள்ள தான இருக்கு, யாரு பாக்கப் போறா"ன்னு விட்டுருச்சு. பல்லு போன எடத்துல எலும்பு சும்மா இருக்காது, மொத வருஷத்துலயே அகலம் பாதி வரைக்கும் கொறையலாம், அதுலயும் பெரும்பகுதி மொத மூணு மாசத்துலயே போயிருது. மேல் கடவாய்ல எலும்பும் இயல்பாவே மெத்துன்னு இருக்கும், மேல சைனஸ்னு காத்துப் பை வேற. கூடவே அம்மாவுக்கு சுகர், மூணு மாச சராசரிய சொல்ற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 8.6 இருந்துச்சு. டாக்டரம்மா ஸ்க்ரூவப் பத்திப் பேசவே இல்ல, சுகர எறக்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. மூணு மாசம் நடையும் கேப்பைக் களியுமா 7.2க்கு வந்துச்சு. அப்புறம்தான் வேலை.

ஸ்க்ரூ எறங்கும்போது அம்மாவுக்கு டார்க் 15தான். எனக்கு வளைஞ்ச கம்பி அம்மாவுக்கு லேசா அசைஞ்சதோட சரி. ஐஎஸ்க்யூ 54. வைகை மணல்ல பந்தக்கால் ஊனுன மாதிரி, நிக்கும், ஆனா அதுல யாரும் சாயக்கூடாது. அதனால மேல ஒரு குட்டி மூடிய திருகி, ஈற இழுத்து தைச்சு மூடிட்டாங்க. அப்பத்தா சாணி அப்புன மாதிரிதான். நாலரை மாசம் கழிச்சு சின்னதா ஈறத் தெறந்து அதே காந்தக் குச்சிய மாட்டிப் பாத்தப்ப 72. அம்மாவோட 54 அம்மா எலும்புலயே 72 ஆகியிருக்கு, வேற யாரும் எதுவும் பண்ணல, சும்மா விட்டது மட்டும்தான். கடவாப்பல்லுங்கிறதால அது வரைக்கும் டெம்பரரி எதுவும் தேவைப்படல, இன்னொரு பக்கமா மென்னுக்கிட்டு இருந்துச்சு.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. முன்பல்லுல அவசரத்துக்கு அர்த்தம் இருக்கு. வெளிய தெரியுற எடம், அதோட டெம்பரரி பல்லு ஈறோட வடிவத்த அமுங்காம காப்பாத்தும், கடிக்கிற பலமும் அங்க கம்மி. கடவாப்பல்லுல அவசரப்பட்டா என்ன கெடைக்குது? யாருக்கும் தெரியாத எடத்துல ஒரு பல்லு, அதுவும் மெல்லக் கூடாத பல்லு. அங்க போடுற பலம் முன்பல்ல விட பல மடங்கு, நாக்கு தள்ளும், தூக்கத்துல கடிப்போம், கார்பன் பேப்பர் வச்சு ராவுனாலும் முறுக்குத் துண்டு ஒண்ணு நடுவுல சிக்குனா எல்லாம் போச்சு. ஒத்தக் கடவாப்பல்லுக்கு அன்னிக்கே கேப்புங்கிறதுக்கு நான் போக மாட்டேன், டார்க் 50 வந்தாலும்.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கேட்டா, காக்ரேன்னு ஒரு அமைப்பு, உலகம் பூரா நடக்குற மருத்துவ ட்ரயல எல்லாம் ஒண்ணாப் போட்டு அலசுறவங்க, 2013ல 26 ட்ரயல எடுத்துப் பாத்துட்டு உடனே வச்சதுக்கும் லேட்டா வச்சதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்குன்னு சொல்ல தெளிவான ஆதாரம் இல்லன்னுட்டாங்க. இத அப்படியே கட் பண்ணி வெளம்பரத்துல போடலாம். ஆனா இந்த மாதிரி ட்ரயல்ல பெரும்பாலும் யாரச் சேப்பாங்க? ஸ்க்ரூ நல்லா இறுகுனவங்கள. எங்க அம்மா மாதிரி 15 வந்தவங்கள உடனே வைக்கிற பக்கம் சேக்கவே மாட்டாங்க. நல்ல எலும்பு இருக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு புரிஞ்சுக்கலாம், எல்லாருக்கும் ஒண்ணுதான்னு புரிஞ்சுக்கக் கூடாது.

மூணாவதா ஒரு வாயி இருக்கு, அது சித்தப்பா மகன், சிங்கப்பூர்ல வேல. இது நம்ம பக்கத்துக்கே உள்ள பிரச்சினை, மதுரை, மேலூர், சிவகங்கைன்னு வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல, இருபது நாள் லீவுல வந்து கல்யாணம், காது குத்து, வீட்டு லோன், பல்லு எல்லாத்தையும் முடிச்சுட்டுப் போகணும். தம்பி வந்த மூணாம் நாளே ஒரு கிளினிக்ல கீழ்க் கடவாப்பல்லுக்கு ஸ்க்ரூவும் அன்னிக்கே கேப்பும் வச்சுட்டான். லீவு முழுக்க ஜம்முன்னு இருந்துச்சு, எனக்கே பொறாமை. பிளைட் ஏறி எட்டாவது நாள் கேப்பத் தொட்டா வலி, அடுத்த வாரம் ஆட்டம். முருங்கைக் கணக்கப் போட்டுப் பாருங்க, மூணாவது நாலாவது வாரம், புடி எறங்குற அதே நேரம், தம்பி அங்க, டாக்டர் இங்க. போன் பண்ணா "அடுத்த லீவுக்கு வாங்க பாத்துக்கலாம்"னு பதில். அங்கயே காசு குடுத்து எடுத்தான், எடுத்த குழி ஆற ஒரு மூணு மாசம், அப்புறம் எலும்பு கொறஞ்ச எடத்த நெரப்ப எலும்புப் பவுடர் போட்டுத் திரும்ப மொதல்ல இருந்து. டார்க் எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டேன், "அப்படின்னா?"ன்னான். அவன் பேப்பர்ல ஸ்க்ரூ கம்பெனி பேரு கூட எழுதல.

லீவுல வர்றவங்களுக்கு என்னக் கேட்டா, ஒரு லீவுல ஸ்க்ரூ மட்டும் வச்சு மூடிட்டுப் போங்க, அடுத்த லீவுல கேப்பு போடுங்க. வருஷம் ஒரு தடவ எப்படியும் வர்றோம்ல, எலும்புக்கு அது போதும் போதும்ங்கிற டைம்.

முழு வாய்க்கு மொத்தமா பல்லு வைக்கிறது தனிக் கணக்கு, அங்க நான் சொன்னது பாதி தலகீழாகும். ஒத்தப் பந்தக்கால் ஆடும், நாலு காலுக்கும் குறுக்க மூங்கில் கட்டிட்டா ஆடாதுல்ல, அது மாதிரி நாலோ ஆறோ ஸ்க்ரூவ ஒரே பல்லு செட்டால கட்டிப் போட்டா ஒண்ணு இன்னொண்ண தாங்கும். போர்ச்சுக்கல்ல மாலோன்னு ஒரு டாக்டர் 1990கள் கடைசில கொண்டு வந்த ஆல் ஆன் ஃபோர் முறை இதுதான், முன்னாடி ரெண்டு நேரா, பின்னாடி ரெண்டு சாய்வா, அன்னிக்கே பிளாஸ்டிக் பல்லு செட்டு, சில மாசம் கழிச்சு ஒரிஜினல். அதோட, முழு வாய்ல காத்திருக்குறதும் அவ்வளவு பத்திரம் இல்ல. காத்திருக்குற நாள்ல கழட்டி மாட்டுற செட்டப் போட்டுக்கிட்டுத்தான் திரிவாங்க, அந்த செட்டு ஈற அமுக்கி அமுக்கி அடியில ஆறிக்கிட்டு இருக்குற ஸ்க்ரூவையும் இடிக்கும், உள்பக்கம் குடைஞ்சு மெத்துன்னு லைனிங் போட்டுத் தரணும். அதனால பல்லே இல்லாத பெரியவங்களுக்கு எலும்பு நல்லா இருந்தா உடனே கட்டுறத நான் தப்பு சொல்ல மாட்டேன்.

அந்த மூணு நாள் போர்டுல முக்காவாசி பேசல் இம்ப்ளான்ட். அது வேற சாமான், ஒரே துண்டு, பாலிஷா இருக்கும், மெத்து எலும்ப நம்பாம ஆழத்துல இருக்குற கெட்டி எலும்புல போயி கடிக்கும், ரெண்டு மூணு நாள்ல எல்லாத்தையும் சேத்துக் கட்டியாகணும், காத்திருக்குற பேச்சே அதுல கெடையாது. எலும்பு ரொம்பத் தேஞ்சவங்களுக்கு ஒரு வழிதான். ஆனா எலும்பு நல்லா இருக்குற நாப்பது வயசுக்காரருக்கு ஒத்தப் பல்லுக்கு அதப் போடுறேன்னா ஏன்னு கேளுங்க, ஒரே துண்டுங்கிறதால பின்னாடி மேல் பாகத்த மட்டும் கழட்டி மாத்துற வசதி இல்ல.

யாரு கண்டிப்பா அவசரப்படக் கூடாதுன்னா சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, சிகரெட் விட முடியாதவங்க, தூக்கத்துல பல்லக் கடிக்கிறவங்க, ஈறுல ரத்தமும் சீழுமா இருக்குறவங்க. வெத்தலப் பாக்கு, பான் மசாலா போடுறவங்கள்ல சில பேருக்கு வாயே முழுசா தெறக்காம போயிருக்கும், அவங்களுக்கு ரேட்செட்டே உள்ள போகாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ எடுக்குறவங்க அத டாக்டர்ட்ட சொல்லியே ஆகணும், சில மருந்துல தாடை எலும்பு ஆறாமப் போற ஆபத்து இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தானா நிறுத்திட்டுப் போயி உக்காராதீங்க, ஹார்ட் டாக்டர்ட்ட கேளுங்க.

செலவு, எங்களுக்கு சொன்னது அப்படியே: எனக்கு ஸ்க்ரூவும் ஒரிஜினல் கேப்பும் 38,000, டெம்பரரி பல்லுக்குத் தனியா 4,000, எலும்புப் பவுடர் 5,000. அம்மாவுக்கு 36,000, டெம்பரரி இல்ல. உடனே வைக்கிறது மலிவுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, ஒரு பல்லு எக்ஸ்ட்ராவா செய்றாங்க, எப்படி மலிவாகும். தம்பிக்கு மொத தடவ ஆனது 30,000, அத எடுத்துட்டுத் திரும்ப வைக்க ஆகப் போறதோட சேத்தா எங்க ரெண்டு பேரையும் தாண்டிரும். ஸ்க்ரூ நிக்கலைன்னா அடுத்தது யாரு செலவுன்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிருங்க, எங்க டாக்டரம்மா ஸ்க்ரூ காசு வேண்டாம், கேப்பு காசு மட்டும்னு எழுதிக் குடுத்தாங்க.

காத்திருக்க சொல்றாங்கன்னா பொக்கையாத்தான் திரியணும்னு அர்த்தம் இல்லைங்கிறதையும் சொல்லிறேன், ஏன்னா நெறைய பேர் அந்தப் பயத்துலதான் உடனே பக்கம் ஓடுறாங்க. கழட்டி மாட்டுற ஒத்தப் பல்லு இருக்கு, பக்கத்துப் பல்லோட பின்பக்கம் ஒட்டி விடுற பல்லு இருக்கு, இல்ல புடுங்குன சொந்தப் பல்லோட தலைய மட்டும் வெட்டி அங்கயே ஒட்டி விடுறவங்களும் இருக்காங்க. எனக்கு டார்க் வந்துருச்சு, அதனால அந்த ஸ்பேர் பல்லு தேவைப்படல, சின்ன டப்பால அலமாரில கெடக்கு, அக்கா மக எடுத்து விளையாடுது.

வச்சதுக்கு அப்புறம் மொத ரெண்டு நாள் உறிஞ்சுற வேலை கூடாது, பருத்திப் பால், ஜிகர்தண்டா எதுனாலும் ஸ்பூன்ல, பருத்திப் பால் நல்லா ஆறுனதுக்கு அப்புறம். உடனே பல்லு வச்சிருந்தா ஆறு எட்டு வாரம் அந்தப் பக்கம் இட்லி, கஞ்சி, குழைஞ்ச சோறுதான், கறி தோசைய பக்கத்துல வச்சுப் பாத்துக்கலாம். வீக்கம் மூணாம் நாள் உச்சத்துக்குப் போயி எறங்கும், அது பரவால்ல. மூணாவது நாலாவது வாரத்துல புதுசா வலி வந்தாலோ, சீழ் வந்தாலோ, ஆடுனாலோ அன்னிக்கே போங்க. ஆடுறது எல்லாம் ஸ்க்ரூ போச்சுன்னு இல்ல, மேல கேப்ப மாட்டுன குட்டி ஸ்க்ரூ தளந்தாலும் ஆடும், அஞ்சு நிமிஷத்துல முறுக்கிருவாங்க, ஆனா அத வீட்டுல நம்ம ஆட்டிப் பாத்து முடிவு பண்ணக் கூடாது.

அம்மாவுக்கு போன செவ்வாக்கிழமை கேப்பு மாட்டியாச்சு. கார்பன் பேப்பர் வச்சப்ப இந்தத் தடவ பேப்பர் வழுக்கல, சிக்கிச்சு, செவப்புப் புள்ளி விழுந்துச்சு, அப்படித்தான் விழணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. தம்பி பொங்கலுக்கு வர்றான், 18 நாள் லீவு. ஸ்க்ரூ மட்டும் வச்சு மூடணும்னு அவனே போன்ல சொன்னான், எங்க டாக்டரம்மாட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். "அண்ணே, டார்க்க மறக்காம எழுதி வாங்கு"ன்னும் சொன்னான்.